வால்வு இதழை வெட்டும் கதீட்டர்: காப்புரிமை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திச் செயற்கைப் பெருந்தமனி வால்வைப் பொருத்தும்போது பழைய வால்வின் இதழ்களை யாரும் அகற்றுவதில்லை. புதிய வால்வு விரிகையில் அவை பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுவிடுகின்றன. அப்படி ஒதுங்கும் இதழ் சிலருக்கு இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரி தமனியின் வாயை அடைத்துவிடும். இயற்கை வால்வுக்குள் பொருத்தும்போது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேரும் இந்த அடைப்பு, முன்பு வைத்த செயற்கை வால்வுக்குள் இன்னொன்றைப் பொருத்தும்போது அதைவிடக் கூடுதலாக நேர்கிறது. நேர்ந்தால் உயிருக்கே பெரும் ஆபத்து. இதைத் தடுக்க அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனத்தைச் சேர்ந்த ஜாஃபர் கான், ராபர்ட் லெடர்மன் ஆகியோரின் குழு உருவாக்கிய பாசிலிக்கா முறை 2018-ல் மருத்துவ ஆய்வேட்டில் வெளியானது. மின்சாரம் பாயும் கைடுவயர் (வழிகாட்டும் மெல்லிய கம்பி) ஒன்று இதழின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு செல்ல, மறுபக்கம் காத்திருக்கும் சுருக்குக் கண்ணி அதன் நுனியைப் பிடித்துக்கொள்ள, வயரின் நடுவே மின்காப்பு உறை சுரண்டி மடிக்கப்பட்ட பகுதி இதழை நெடுகக் கிழிக்கிறது.

இந்த முறை கைத்திறனை நம்பியது என்பதால், அதே வேலையை எளிதாக்கும் தனிக் கருவிகளுக்கான விண்ணப்பங்கள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு வருகின்றன. அவற்றில் பல முதல் சுற்றிலேயே நிராகரிப்புக் கடிதம் பெறுகின்றன. கருவி புதியதாக இருந்தும் அதை விவரித்த வாசகம் பழைய கருவிகளுக்கும் பொருந்திப் போவதே பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு.

முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்: கருவி எப்படி அமைந்திருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில், அது எதற்குப் பயன்படும் என்று எழுதிவிடுவது. இப்படி ஒரு உரிமைக்கோரல், அதாவது எதற்குக் காப்புரிமை கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் வாசகம், இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “இதய வால்வின் இதழை வெட்டுவதற்கான கருவி, அதில் நீண்ட தண்டு ஒன்றும், அதன் முனையில் இதழை வெட்டும் வகையில் அமைந்த வெட்டுப்பகுதி ஒன்றும், அதைப் பின்னிருந்து இயக்கும் கைப்பிடி ஒன்றும் உண்டு.” எழுதியவர் மனக்கண்ணில் துடிக்கும் இதயம் தெரிகிறது. படிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளருக்கோ தண்டு, கத்தி, கைப்பிடி ஆகிய மூன்று மட்டுமே தெரிகின்றன. அவர் உடனே எடுத்து வைக்கக்கூடிய ஆவணம் கால் சிரைக்கானதாக இருக்கலாம். அடைபட்ட கால் தமனிக்கு மாற்றுப் பாதையாகப் பக்கத்துச் சிரையையே இருந்த இடத்தில் பயன்படுத்தும் அறுவையில், இரத்தம் எதிர்த்திசையில் ஓடுவதற்காகச் சிரைக்குள் இருக்கும் சின்ன வால்வுகளை வெட்டிவிட வால்வுலோட்டோம் என்னும் கொக்கிக்கத்தி பல பத்தாண்டுகளாக வழக்கில் இருக்கிறது. அதற்கும் தண்டு உண்டு, கத்தி உண்டு, கைப்பிடி உண்டு. அதுவும் வால்வின் இதழைத்தான் வெட்டுகிறது. “எங்களுடையது இதயத்துக்கு” என்று பதில் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

இதற்கு அமெரிக்கச் சட்ட உலகில் சுவையான ஒரு முன்னுதாரணம் உண்டு. 1997-ல் தீர்ப்பான ஷ்ரைபர் வழக்கில், சோளப்பொரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் கூம்பு வடிவ மூடிக்குக் காப்புரிமை கேட்கப்பட்டது; ஆய்வாளர் காட்டியதோ எண்ணெய்க் குவளையின் பழைய மூக்கு. எண்ணெய் எங்கே, சோளப்பொரி எங்கே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த வடிவத்தால் சோளப்பொரியையும் உதிர்க்க இயலும் என்றால் அது புதியதல்ல என்றும், இயலாது என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது என்றும் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. கதீட்டர் விண்ணப்பம் எழுதும் ஒவ்வொருவரும் அந்த எண்ணெய்க் குவளையை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் எழுத வேண்டியது என்ன? பெருந்தமனி வளைவைச் சுற்றி வரும் தண்டு எங்கே வளைகிறது, எங்கே விறைப்பாக இருக்கிறது. இதழின் இரு பக்கமும் பற்றும் கைகள் எந்த அச்சில் விரிகின்றன. மின்முனையின் எந்தப் பக்கம் உறையிடப்பட்டு எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வெட்டும் விளிம்பு முன்னோக்கி இருக்கிறதா, பின்னோக்கி இழுக்கும்போது வெட்டுகிறதா. வெட்டு தமனிச் சுவரைத் தொடாமல் நிறுத்தும் தடை எங்கே இருக்கிறது. இவைதாம் கால் சிரைக் கத்தியில் இல்லாதவை. வெறும் நீளத்தை மட்டும் சேர்த்தால் “அளவை மாற்றுவது எவருக்கும் தோன்றக்கூடியதே” என்ற மறுப்பு வரும். ஆகவே அளவு சொல்லும்போது அந்த அளவால் என்ன நடக்கிறது என்பதையும் விவரக்குறிப்பிலேயே, அதாவது கருவியை விளக்கும் விண்ணப்பப் பகுதியிலேயே, சொல்லியிருக்க வேண்டும். இங்கேதான் அடுத்த பள்ளம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த பிறகு விவரக்குறிப்பில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. தாக்கல் செய்த நாளில் படத்திலோ எழுத்திலோ இல்லாத தடை, எவ்வளவு அருமையான தடையாக இருந்தாலும், அந்த விண்ணப்பத்துக்கு இல்லாததுதான். செலவைக் குறைக்க நான்கு பக்கத்தில் விண்ணப்பம் முடிப்பவர்கள் இரண்டு வருடம் கழித்து இதை உணர்கிறார்கள்.

அமைப்பை எழுதத் தொடங்கியவர்களும் ஓர் இடத்தில் இடறுகிறார்கள். “இதழின் அடிப்பகுதியைப் பற்றியுள்ள முதல் கை” என்று எழுதினால், இதழும் கோரப்படும் பொருளின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மனித உயிரியை உள்ளடக்கும் உரிமைக்கோரலுக்குக் காப்புரிமை இல்லை என்று 2011-ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமைச் சீர்திருத்தச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. ஆய்வாளர் அதைச் சுட்டி மறுப்பார். “பற்றியுள்ள” என்பதைப் “பற்றும்படி அமைந்த” என்று திருத்தினால் மறுப்பு நீங்கிவிடும். ஆனால் அந்தத் திருத்தம் இதழை வெறும் பயன்பாட்டுக் குறிப்பாக்கிவிடுவதால், கையின் வடிவம் வேறு சொற்களால் சொல்லப்படவில்லை என்றால் கதை மறுபடி எண்ணெய்க் குவளைக்கே திரும்பும். ஒரு மறுப்பைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வரவழைப்பது இத்துறையில் அன்றாட நிகழ்ச்சி.

“வெட்டும் சாதனம்”, “பற்றும் அலகு” போன்ற பொதுச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இவை விரிந்த பாதுகாப்பு தரும் என்று நம்பிப் பலர் எழுதுகிறார்கள். அமெரிக்கச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு இத்தகைய சொல்லை விவரக்குறிப்பில் காட்டிய அமைப்புக்கும் அதற்கு நிகரானவற்றுக்கும் மட்டுமே சுருக்கிவிடக்கூடும்; அங்கே அமைப்பே காட்டப்படவில்லை என்றால் உரிமைக்கோரல் தெளிவற்றது என்றே விழுந்துவிடும்.

இனி, பதில் எழுதுவதில் நேரும் தவறுகள். ஆய்வாளர் இரண்டு ஆவணங்களைச் சேர்த்து “இது எவருக்கும் தோன்றக்கூடியது” என்று மறுக்கிறார்: ஒன்று பாசிலிக்கா கட்டுரை, மற்றொன்று பக்கவாட்டில் உறையிட்ட வேறொரு மின்கத்தி. “முதல் ஆவணத்தில் உறை இல்லை, இரண்டாவதில் வால்வு இல்லை” என்று தனித்தனியாகச் சாடும் பதில் பயனற்றது. ஏனென்றால் அவர் சொல்வது இரண்டும் சேர்ந்ததைப் பற்றி. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த மின்கத்தியை இங்கே கொண்டுவர அத்துறைக்காரருக்கு என்ன காரணம் இருந்தது? கொண்டுவந்தால், ஓடும் இரத்தத்தின் நடுவே அது வேலை செய்யுமா? பாசிலிக்காவில் மின்சாரம் பாயும்போது வயரைச் சுற்றி டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசல் செலுத்துகிறார்கள். உப்புள்ள இரத்தம் மின்சாரத்தை நாலாபுறமும் கடத்திவிடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. உலர்ந்த திசுவில் வெட்டும் கருவியை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது என்பதற்கு இத்தகைய உண்மைகள்தாம் வாதம். அவற்றையும் வழக்கறிஞரின் சொல்லாக எழுதினால் எடை குறைவு. நிபுணரின் உறுதிமொழி ஆவணமாக, சோதனை முடிவுகளோடு தாக்கல் செய்ய வேண்டும்.

உரிமைக்கோரலில் இல்லாத சிறப்பை வாதத்தில் பேசுவதும் இதே இனம். “எங்கள் கருவியில் திசுத் துணுக்கு மூளைக்குப் போகாது” என்று மூன்று பக்கம் எழுதியிருப்பார்கள்; துணுக்கைப் பிடிக்கும் வலையோ உரிமைக்கோரலில் இருக்காது. ஆய்வாளர் ஒரே வரியில் அதை ஒதுக்கிவிடுவார், அதில் தவறும் இல்லை. மூன்று மாதக் கெடுவின் கடைசி நாளில் இப்படி எழுதுவதைவிட, முன்கூட்டியே ஆய்வாளரோடு அரைமணி நேரம் பேசக் கேட்டு, உத்தேசத் திருத்தத்தைக் காட்டி, எது அவரை நகர்த்தும் என்று அறிந்துகொள்வது எவ்வளவோ மேல். அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கண்டுபிடித்தவர் மருத்துவராக இருந்தால் இன்னொரு ஆபத்து உண்டு: மாநாட்டு மேடை. புதிய கருவியால் வெட்டிய முதல் இதழின் படத்தை ஆர்வத்தோடு திரையில் காட்டிவிடுவார். அமெரிக்காவில், தாமே வெளியிட்டதாக இருந்தால், ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை இல்லை. அந்த ஒரு ஸ்லைடு ஐரோப்பிய உரிமையைத் தின்றுவிடும்.

இரண்டு அலுவலகங்களுக்கு இரண்டு கதை சொல்வது இதைவிட மோசம். சந்தை அனுமதிக்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் “ஏற்கெனவே உள்ள கருவியைப் போன்றதே” என்று எழுதிவிட்டு, காப்புரிமை அலுவலகத்தில் “இதுபோல் எதுவுமே இருந்ததில்லை” என்று எழுதினால், முதல் கடிதத்தை மறைத்ததாகப் பின்னால் குற்றச்சாட்டு எழும். 2021-ல் தீர்ப்பான பெல்ச்சர் வழக்கில், மருந்துக் கரைசல் ஒன்றின் அமிலத்தன்மை அளவைப் பற்றி இப்படி முரண்பட்டதும், உரிய ஆவணங்களைக் காட்டாததும் சேர்ந்து அந்தக் காப்புரிமையையே அமலாக்க முடியாததாக்கின. இரு துறைகளின் கோப்புகளையும் ஒருவர் சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் அறுவை முறைக்கே காப்புரிமை வாங்கலாம். ஆனாலும் அதைச் செய்யும் மருத்துவர்மீதும் மருத்துவமனைமீதும் வழக்கிட்டு நிவாரணம் பெறுவதைச் சட்டத்தின் 287-ஆவது பிரிவு பெரும்பாலும் தடுக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53-ஆவது பிரிவும், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(i) உட்பிரிவும் சிகிச்சை முறையை அடியோடு விலக்குகின்றன. எனவே “இதழைத் துளைத்தல், பற்றுதல், கிழித்தல்” என்று முறையை மட்டும் கோரி இந்தியாவுக்கு வரும் சர்வதேச விண்ணப்பம் 3(i) மறுப்பைச் சந்திக்கும். அப்போது கருவியாக மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். திருத்திய உரிமைக்கோரல் திருத்துவதற்கு முந்தியதன் எல்லைக்குள் முழுவதுமாக அடங்க வேண்டும் என்று இந்தியச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொல்வதால், முறை கருவியாக மாறுவதை ஏற்க வைப்பது மிகவும் கடினம். கருவிக்கான உரிமைக்கோரலை முதல் நாளிலேயே, சர்வதேச விண்ணப்பத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் நுழைவதற்கான 31 மாதக் கெடு முடியும் வாரத்தில் அதை யோசிப்பது காலம் கடந்த யோசனை.