வீணை பிக்கப்பை மைக்செட்டோடு சேர்ப்பது எப்படி

நவராத்திரி மேடையில் பிக்கப் ஒயரை வாங்கும் மைக்செட்காரர் அதை நேரே மைக் துளையில் சொருகுவார். மேல் கம்பியான சாரணி கீச்சென்று கேட்கும், கீழ் ஸ்தாயிக் கம்பியான மந்தரத்தைக் காணோம். பழி பிக்கப் மேல் விழும். ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை, கோளாறு சொருகிய இடத்தில்தான்.

வீணையில் ஒட்டும் வில்லை பிக்கப் ஒரு பீசோ, அதாவது அதிர்வை மின்சாரமாக்கும் வில்லை. மின்சாரக் கணக்கில் அது ஒரு கெப்பாசிட்டர். 27 மி.மீ. பித்தளை வில்லை ஏறக்குறைய 20 நானோ ஃபாரட் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் உள்ளீட்டின் ஓம் எவ்வளவோ, அதைப் பொறுத்து ஒரு அளவுக்குக் கீழே உள்ள ஸ்வரமெல்லாம் தேய்ந்துபோகும். கணக்கு சுலபம்: 1,59,000-ஐ, கிலோ ஓமையும் நானோ ஃபாரடையும் பெருக்கி வந்த எண்ணால் வகுங்கள். மைக் துளை சுமார் 2 கிலோ ஓம் என்றால் விடை 4,000 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். 10 கிலோ ஓம் லைன் துளையில் 800. 1 மெகா ஓமில் வெறும் 8. மூன்று கட்டை சுருதியில் சாரணி 165 ஹெர்ட்ஸ், எல்லாவற்றிலும் கீழான அனுமந்தரக் கம்பி 62. மைக் துளையில் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்று இப்போது தெரியும்.

குதிரைக்கு அடியில் செருகும் சின்ன பிக்கப்புகள் சில 1 நானோ ஃபாரடுக்குள்தான் இருக்கும். அவற்றுக்கு 1 மெகா ஓம்கூடப் போதாது, கணக்கு 159-இல் நிற்கும். 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ப்ரீஆம்ப் (மைக்செட்டுக்கு முன்னால் வைக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர்) வேண்டும். வாங்கும் முன் பிக்கப்பின் நானோ ஃபாரடை மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிடுவது நல்லது.

இடையில் என்ன போடுவது? வாத்தியத்தை மைக் துளையோடு பொருத்தும் சின்னப் பெட்டிக்கு டிஐ என்று பேர். பேட்டரி இல்லாத டிஐ பெட்டியின் உள்ளீடு பெரும்பாலும் 140 கிலோ ஓம் அளவில்தான். பெரிய வில்லைக்கு ஒப்பேறும், சின்னதுக்கு ஆகாது. பேட்டரியிலோ 48 வோல்ட் பேன்டத்திலோ (மிக்சர் மைக் ஒயர் வழியே அனுப்பும் மின்சாரம்) ஓடும் ஆக்டிவ் டிஐ, உள்ளீடு 1 மெகா ஓமுக்குக் குறையாமல், இருந்தால் கவலையில்லை. பேன்டம் போட்ட துளையில் வெறும் வில்லையை மட்டும் சொருகிவிடாதீர்கள்.

கையில் சால்டரிங் ஐயன் உள்ளவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பாகங்கள் வாங்கித் தாங்களே செய்துகொள்ளலாம். ஒரு டிஎல்072 ஐசி (உள்ளே இரண்டு ஆம்ப்ளிஃபயர்), 9 வோல்ட் பேட்டரி, அதன் வோல்டேஜை நடுவில் பிரிக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, அந்த நடுப்புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோ ஃபாரட் ஒன்று. நடுப்புள்ளியிலிருந்து பிளஸ் உள்ளீட்டுக்கு 4.7 மெகா ஓம், பிக்கப் ஒயரும் அதே பிளஸ் உள்ளீட்டுக்கு. மைனஸ் உள்ளீட்டை வெளியீட்டோடு நேரே சேர்த்துவிடுங்கள். வெளியே போகும் வழியில் இன்னொரு 10 மைக்ரோ ஃபாரட். சும்மா கிடக்கும் இன்னொரு பாதியின் பிளஸ்ஸை நடுப்புள்ளியிலும், மைனஸை அதன் வெளியீட்டிலும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தம் போடும். இதை லைன் துளைக்குக் கொண்டுபோகலாம்.

வில்லையில் பித்தளைப் பக்கம் ஷீல்டுக்கு (கேபிளின் வெளிவலை), நடு வெள்ளிப் பூச்சு உள்கம்பிக்கு. சால்டர் இரண்டு மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். சூடு கூடினால் பூச்சு உரிந்துவிடும், வில்லை அவ்வளவுதான். வில்லையைச் சுற்றித் தாமிர டேப் ஒட்டி, வெள்ளிப் பூச்சில் படாமல் இன்சுலேஷன் வைத்து, ஷீல்டோடு சேருங்கள். சீரியல் செட் விளக்குகள் எரியும் மேடையில் இது இல்லாமல் 'உர்' சத்தம் அடங்காது.

ஒட்டும் இடம், பலகையில் குதிரைக் காலுக்கு அரை அங்குலம் தள்ளி. தாளக் கம்பிப் பக்கம் போனால் அவை முந்திக்கொள்ளும். மெல்லிய இரட்டைப் பக்க டேப் போதும். நுரை டேப் மேல் ஸ்வரங்களை விழுங்கிவிடும். மெழுகில் ஒட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் சித்திரை வெயிலில் வீணை மெட்டுகளைப் பதித்த மெழுகே இளகும் ஊரில் அதை நம்பாதீர்கள். கேபிள் ப்ரீஆம்ப் வரை ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். நீளக் கேபிளில் கிடார் பிக்கப்பின் கூர்மை போவதுபோல இதில் போகாது, ஆனால் சின்ன பீசோவில் ஒலியளவே குறையும்.

ஒலி சரிசெய்யும்போது டோன் குமிழ் எல்லாம் நடுவில். பலமாக மீட்டி, பீக் விளக்கு மின்னும் இடத்திலிருந்து கெயினைச் சற்று இறக்குங்கள். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மேடைப் பலகையில் யாரோ நடக்கும் சத்தம் அதோடு போகும். தகரம் தட்டுவதுபோல் இருந்தால் 2,000 முதல் 4,000 வரை கொஞ்சம் குறையுங்கள். ஊளையிட்டால் முதலில் ஸ்பீக்கரைக் குடத்தின் பார்வையிலிருந்து திருப்புங்கள், பிறகு ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனைத் தட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் மசியாவிட்டால்தான் ஈக்யூவில் (டோன் குமிழ்களில்) கைவையுங்கள்.

காந்த பிக்கப் ஊளையிடுவது குறைவு, எந்த கிடார் துளைக்கும் ஒத்துப்போகும். ஆனால் அது இரும்பைத்தான் உணரும். மந்தரம், அனுமந்தரம் வெறும் பித்தளைக் கம்பியாக இருந்தால் கேட்காது. எஃகுக் கம்பி மேல் சுற்றியதாக மாற்ற வேண்டும்.

இத்தனையும் செய்தபின் கடைசியில் இருப்பது கூம்புக் குழாயா என்று பாருங்கள். அதில் அனுமந்தரம் வராது. பெட்டி ஸ்பீக்கர் ஒன்றாவது வையுங்கள் என்று மைக்செட்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.