பலூன் உடைஞ்ச அப்புறம் என்ன பண்ணணும்?

மெரினாவுல துப்பாக்கி வச்சு பலூன் சுடுற கடை இருக்குல்ல, அந்த போர்டுக்குக் கீழ மணலை ஒரு தடவை கிளறிப் பாருங்க. செவப்பு, மஞ்சள்னு நகம் சைஸுக்கு ரப்பர் துண்டா வரும், முடிச்சு போட்ட வாய் மட்டும் அப்படியே உருண்டையா கெடக்கும், ஒரு பெரிய அலை வந்தா எல்லாம் கடலுக்குள்ள.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பங்குனி ஆமை முட்டை போட இதே கரைக்குத்தான் வருது. தண்ணியில மிதக்குற பலூன் அதுக்கு இரையான சொறி மீன் (ஜெல்லி மீன்) மாதிரி தெரியும். தொண்டைக்குள்ள பின்பக்கமா சாஞ்ச முள்ளு இருக்கறதால ஒரு தடவை முழுங்கிட்டா துப்பவும் முடியாது. பறவைக்கு இன்னும் மோசம், 2019ல ஆஸ்திரேலியாவுல 1,733 கடல்பறவைங்களை ஆராய்ஞ்சு பார்த்ததுல கெட்டி பிளாஸ்டிக்கை முழுங்குறதைவிட பலூனை முழுங்கினா சாக 32 மடங்கு வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சுது. மெத்துன்னு இருக்கறதால குடல்ல போய் அடைச்சுக்குது.

சரி, பர்த்டேக்கு பலூனே வேணாம்னா புள்ளைங்க விடாது. ஊதுங்க, ஆனா ஹீலியம் வேணாம், மொட்டைமாடியும் வேணாம், ஹாலுக்குள்ளயே கட்டுங்க. ஊதும்போதே எத்தனைன்னு எண்ணி வச்சுக்கோங்க, 50 ஊதினா கடைசில 50 முடிச்சு கைக்கு வந்தாகணும், குறைஞ்சா சோஃபாவுக்கு அடியில தேடுங்க (எங்க வீட்ல எப்பவும் அங்கதான் கெடக்கும்). ரிப்பனை வளையமா விடாம துண்டு துண்டா வெட்டி, எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு இறுக்கிக் கட்டி குப்பை வண்டியில குடுத்துடுங்க, தயவுசெஞ்சு எரிக்காதீங்க. பாக்கெட்ல "மக்கும்"னு போட்டிருந்தா நம்பிடாதீங்க, 16 வாரம் உரக்குழியில போட்டு வச்சும் மக்காத பலூனை எல்லாம் ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. பளபளன்னு இருக்கற ஃபாயில் பலூன் சுத்தமா மக்காது, பறந்து போய் கரண்ட் கம்பியில பட்டா ஷார்ட் சர்க்யூட் வேற.

பீச்ல சுட்டு விளையாடினீங்கன்னா நீங்க உடைச்ச துண்டை நீங்களே பொறுக்குங்க, ரெண்டு நிமிஷ வேலை. கடைக்கார அண்ணன்கிட்ட போர்டுக்கு அடியில ஒரு பழைய தார்ப்பாய் விரிக்கச் சொல்லிப் பாருங்க, அவருக்கும் கூட்டுறது ஈஸி.

கரை ஒதுங்கின ஆமை வாயில நூல் தொங்கினா மட்டும் இழுத்துடாதீங்க, மறுமுனை குடல்ல இருந்தா கிழிஞ்சிடும். கடலுக்குள்ள திருப்பித் தள்ளவும் கூடாது. நிழல் பண்ணி, மூக்கை மூடாம ஓட்டு மேல ஈரத்துணி போட்டு, நாய் கிட்ட வராம பார்த்துக்கிட்டே வனத்துறைக்கு போன் போடுங்க.