பென்சில்வேனியா ஜெர்மானியரின் வண்ணப் பெட்டிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைன் ஆற்றுப் பகுதிகளிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்த ஜெர்மன் மொழியினர், துலிப் மலர்களும் பறவைகளும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் தீட்டிய மரப்பெட்டிகளில் துணிமணிகளை வைத்துக்கொண்டார்கள். அவற்றைச் செப்பனிடப் புதிதாக வருவோர், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைச் செய்வதைக் கண்டு இதை எழுதுகிறேன்.

பழைய வார்னிஷை அழுக்கென்று துடைப்பது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். பிரஷ்யன் நீலம் என்னும் அடர்நீல நிறமி பூசிய பெட்டியின்மேல் வார்னிஷ் அடித்திருந்தால், அது நாளடைவில் மஞ்சளாகிப் பெட்டியையே பச்சையாகக் காட்டும். நீலத்தை மீட்கும் ஆசையில் எரிசாராயத்தில் நனைத்த பஞ்சை எடுக்கிறார்கள். வார்னிஷ் கரையும்போது, அதன் அடியில் கடைசியாகத் தீட்டப்பட்ட மெல்லிய கோடுகளும் கூடவே கரைந்துவிடக்கூடும்.

பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்டவுன் ஊர்ப் பாணியில் அமைந்த ஒரு பெட்டிக்கு இப்படி நேர்ந்ததை நான் பார்த்தேன். வளைவுக் கட்டத்துக்குள் இருந்த பூச்சாடியின் சிவப்பு முழுவதும் பஞ்சோடு வந்துவிட, பலகையில் மிஞ்சியவை கவராயம் கீறிய வட்டங்கள் மட்டுமே. அவ்வூர்க் கைவினைஞர் கிறிஸ்டியன் செல்ட்சர் (1749–1831) தம் பெயரைப் பூச்சாடியிலேயே எழுதி வைப்பதுண்டு. துடைத்த இடத்தில் அப்படியொரு பெயர் இருந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல இயலாது. நீலம் தெரிந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்திய கைவேலை போய்விட்டது.

பழைய நிறத்தை அறிய வேண்டுமானால், வெளிச்சமும் கையும் படாத கீல் தகட்டின் ஓரத்தைப் பாருங்கள். புற ஊதா விளக்கின்கீழ் இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும். அது எங்கெங்கே இருக்கிறது என்று வரைந்துகொண்ட பிறகே, குண்டூசித் தலையளவு இடத்தில் சோதனை செய்யலாம். ஐயம் எழுந்தால் அந்த மஞ்சளை அப்படியே விட்டுவிடுங்கள்.

உப்புத்தாளால் தேய்ப்பது

பழைய வெள்ளையிலும் சிவப்பிலும் ஈயம் இருக்கலாம்; அதன் தூள் நஞ்சு என்பதால் தேய்க்கவே கூடாது.

எல்லாவற்றையும் மணப்பெண் சீராகக் கருதுவது

ஆண்பிள்ளைகளுக்கும் பெட்டி செய்து கொடுத்தார்கள். முகப்பில் உள்ள பெயரை முதலில் படியுங்கள்.

முகப்பில் எழுதிய ஆண்டை அப்படியே நம்புவது

டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டில்தான் விற்பனைக்கு வந்தது. முகப்பில் எழுதிய 1788 போன்ற ஆண்டின் எண்ணிலோ அதைச் சுற்றியுள்ள பூவிலோ அந்த வெள்ளை தென்பட்டால், அப்பகுதி பிற்காலத்தில் தீட்டப்பட்டது. அதற்காகப் பெட்டி முழுவதையும் போலியென்று ஒதுக்கிவிடாமல், பலகை முனைகளைப் புறாவின் வால் வடிவில் வெட்டிக் கோத்த இணைப்புகளையும் அடிப்பலகையையும் தனித்தனியே ஆராயுங்கள்.