போல்ல இருந்து வீட்டுக்கு வர்ற சர்வீஸ்: மேல போனா எவ்வளவு உயரம், மண்ணுக்குள்ள போனா எவ்வளவு ஆழம்?

நம்ம திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடையில சப்பரம் தெருவுக்குள்ள வரும்போது ரெண்டு பேரு மூங்கில் கம்போட முன்னாடி நடப்பாங்க, குறுக்க கெடக்குற ஒயரைத் தூக்கி விடுறதுக்கு. சின்னப் பிள்ளையில நான் அதையும் சடங்குல ஒண்ணுன்னுதான் நெனச்சேன். ஒயர் விதிப்படி இருக்க வேண்டிய உயரத்துல இருந்தா பாதி தெருவுல அந்தக் கம்புக்கு வேலையே இருக்காது.

எங்க வீட்டுல மச்சு எடுத்தப்போ சர்வீஸை (போல்ல இருந்து மீட்டர் வரைக்கும் வர்ற ஒயரை) மாத்த வேண்டி வந்துச்சு, அதுக்காக விதியெல்லாம் தேடிப் படிச்சு ஒயர்மேன் அண்ணாச்சி, காண்ட்ராக்டர்னு ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டு வேலைய முடிச்சதுல தெரிஞ்சதத்தான் இங்க எழுதுதேன். அப்ளிகேஷன் எப்படிப் போடணும்னு எழுதல, வெப்சைட்டுல பாத்துக்கிடுங்க (டான்ஜெட்கோ இப்போ டிஎன்பிடிசிஎல் ஆயிட்டு, நமக்கு எப்பவும் ஈபிதான்). ஒண்ணு மட்டும் கண்டிஷனா சொல்லிருதேன், மீட்டர் வரைக்கும் ஈபி வேலை, அதுக்குப் பொறவு லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர் வேலை. போல்ல ஏறுறது, சீலை உடைக்கிறது நம்ம சோலி இல்ல. அளந்து பாக்கிறது, நல்ல சாமான் வாங்கிக் குடுக்கிறது, வேலை நடக்கும்போது பக்கத்துல நிக்கிறது, இவ்வளவுதான் நம்ம பங்கு.

ஸ்டெப் 1: ஒயரோட உயரத்தைக் கணக்குப் பண்ணுங்க

மத்திய மின்சார ஆணையத்தோட பாதுகாப்பு விதிகள்ல (2010ல வந்தது, 2023ல புதுசாப் போட்டாங்க) லோ டென்ஷன் லைனுக்கு (வீட்டுக்குக் கரண்ட் குடுக்கிற லைன்) உள்ள அளவு இது: தெருவுக்குக் குறுக்க போனா தரையில இருந்து 5.8 மீட்டர், தெரு ஓரமா நெடுக போனா 5.5 மீட்டர். தெரு சம்பந்தமே இல்லாம நம்ம வளவுக்குள்ள இன்சுலேஷன் உள்ள ஒயர் போனா 4 மீட்டர். கட்டடத்துக்கு மேல போனா 2.5 மீட்டர் இடைவெளி, பக்கவாட்டுல போனா 1.2 மீட்டர்.

இதுல எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் எதுன்னா, இந்த அளவு ஒயரைக் கட்டுற இடத்துல உள்ள உயரம் இல்ல. ஒயர் எங்க அதிகமாத் தொங்குதோ அங்க உள்ள உயரம். விதியிலயே அதிகபட்ச தொய்வுல அளக்கணும்னுதான் இருக்கு. காலையில குளுகுளுன்னு இருக்கும்போது இழுத்துக் கட்டி டேப்பை வச்சு 5.8 வந்துட்டுன்னு சந்தோஷப்பட்டா, சித்திரை மத்தியான வெயில்ல கம்பி நீண்டு கீழ எறங்கிரும். அதுபோக தூரம் ரெண்டு மடங்கானா அதே இழுவையில தொய்வு நாலு மடங்காகும், ரெண்டு மடங்கு இல்ல. அதனாலதான் எதிர்த்த போல்ல இருந்து வர்ற ஒயர் விறைப்பா நிக்கும், ரெண்டு வீடு தள்ளி உள்ள போல்ல இருந்து வர்றது தொட்டில் மாதிரி தொங்கும்.

சரி, கணக்கை எங்க இருந்து ஆரம்பிக்கணும்? போல்ல இருந்து. போல் நீளத்துல ஆறுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போயிரும், 8 மீட்டர் போல்னா வெளிய தெரியுறது ஏறக்குறைய 6.6 மீட்டர், ஒயர் அதுக்கும் கொஞ்சம் கீழதான் கட்டுவாங்க. ஆக அந்தப் பக்கமே நமக்குக் கெடைக்கிற இடம் கம்மி. வீட்டுப் பக்கம் 5.8ஓட தொய்வையும் கூட்டி 6.2, 6.3ன்னு வச்சாத்தான் தெரு நடுவுல கணக்கு தப்பாது. மீட்டர் போர்டு தரையில இருந்து ஒண்ணரை மீட்டர்ல இருந்தா, ஒயரைத் தாங்கி உள்ள இறக்குற 20 அடி ஜிஐ பைப் ஒண்ணை அங்கன இருந்து நட்டமா நிறுத்தினா உச்சி 7.5 மீட்டர் வந்துரும், தாராளம். ஆனா சுவருக்கு மேல நிக்கிற பைப்புக்கு ஒயர் இழுக்குற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி (சாயாம இழுத்துப் பிடிக்கிற கம்பி) கட்டாம விட்டா ஒரே ஆடிக்காத்துல சாஞ்சிரும். பணகுடி, ராதாபுரம் ஆளுகளுக்கு இத நான் சொல்ல வேண்டியதில்ல, காத்தாடி நட்டு வச்சிருக்கிற ஊரு. 1.2 மீட்டர் பக்கவாட்டு இடைவெளியும் காத்துல ஒயர் ஆடி ஒதுங்குற நெலையிலதான் அளக்கணும், சும்மா நிக்கும்போது இல்ல.

முடுக்குக்குள்ள வீடு இருக்கிறவங்க 1.2க்கு எங்க போவாங்கன்னு கேப்பீங்க. அதுக்கு விதியிலயே வழி இருக்கு. கட்டடத்துல இருந்து அந்த இடைவெளி கெடைக்காட்டா ஒயருக்கு நல்ல இன்சுலேஷன் இருக்கணும், எர்த் பண்ணுன பேரர் கம்பியில (ஒயரைத் தாங்குற தனிக் கம்பி) அங்கங்க சேத்துக் கட்டணும், அந்தக் கம்பி 350 கிலோ இழுவை தாங்கணும். ஒயரோட பாரத்தை பேரர் கம்பிதான் சுமக்கணும், கரண்ட் போற அலுமினியம் இல்ல. இது கட்டடத்துக்கு உள்ள சலுகை, தெருவுக்கு மேல உள்ள 5.8 அப்படியேதான்.

இன்னொண்ணு. லைன் முதல்லயே போகுது, பொறவு நாம பால்கனிய வெளிய நீட்டுதோம்னா, முன்கூட்டி எழுதிக் குடுக்கிறதும் லைனை மாத்துற செலவும் நம்ம தலையிலதான் விழும்.

ஸ்டெப் 2: பைப் வாய்

வாய் கீழ பாத்து வளைஞ்சிருக்கணும். ஒயர் பைப்புக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி வாயை விடக் கீழ ஒரு வளையம் தொங்கணும், மழைத்தண்ணி அந்த வளையத்துலயே சொட்டிரும். தென்காசி சாரல்ல மழை மேல இருந்தா விழுது, பக்கவாட்டுலல்லா அடிக்கி. இது இல்லாட்டி தண்ணி ஒயரைப் பிடிச்சிக்கிட்டே மீட்டருக்குள்ள வந்துரும்.

அப்புறம் சர்வீஸ் பைப்ல துணி காயப்போட கொடிக்கம்பி கட்டாதீங்க. டிவி கேபிள், இன்டர்நெட் ஒயர் கட்ட வர்றவங்களையும் விடாதீங்க. உள்ள ஒயர் ஒரு இடத்துல உரசி தோல் போச்சுன்னா பைப், கொடி, ஈரத்துணி, கை, இதுதான் வரிசை. பைப்பை எர்த் பண்ணிருக்காங்களான்னு பாருங்க, உள்ள மெயின் போர்டுல 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளைய நிறுத்துற சுவிட்ச்) கண்டிப்பா போடுங்க.

ஸ்டெப் 3: மண்ணுக்குள்ள கொண்டு போறதா இருந்தா

நான் கடைசியில இதத்தான் தேர்ந்தெடுத்தேன். பைப், ஸ்டே, தொய்வு எதுவும் இல்ல. செலவு கூடத்தான். முதல்ல ஈபியில எழுத்துல அனுமதி, ரோட்டைத் தோண்டணும்னா மாநகராட்சி இல்ல பஞ்சாயத்துல தனி அனுமதி.

கேபிள் ஆர்மர்டுதான் (உள்ள இரும்புக் கவசம் உள்ளது) வாங்கணும், அதுல என் ஓட்டு எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷனுக்கு. பிவிசி இன்சுலேஷன்னா கண்டக்டர் 70 டிகிரி சூடு வரைக்கும்தான், இது 90 வரைக்கும் தாங்கும். எத்தனை ஸ்கொயர்னு (கம்பியோட பருமன்) லோடை வச்சு ஈபி ஏஇ (உதவிப் பொறியாளர்) சொல்லுவாரு, கடைக்காரர்ட்ட கேக்காதீங்க.

ஆழம் ஐஎஸ் 1255 (கேபிள் பதிக்கிறதுக்கான இந்தியத் தர விதி) படி லோ டென்ஷனுக்கு 75 சென்டிமீட்டர், ரோட்டுக்குக் குறுக்க போனா 1 மீட்டர். மண்ணடிச்சு மேடாக்குற பிளாட், இல்ல வெட்டி சமப்படுத்துற பிளாட்டுன்னா கடைசியா வரப்போற தரையில இருந்துதான் அளக்கணும். குழியில மொதல்ல ஒரு 7, 8 சென்டிமீட்டர் சலிச்ச மணல், மேல கேபிள், மறுபடி மணல், அதுக்கு மேல செங்கலை அடுக்கி, பொறவு மண்ணு. செங்கலுக்கு மேல எச்சரிக்கை டேப் ஒண்ணு போட்டுருங்க, பின்னால தோண்டுறவன் கடப்பாரைய நிறுத்துறதுக்கு. தண்ணி பைப்ல இருந்தும் டெலிபோன் கேபிள்ல இருந்தும் 30 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கட்டும்.

இப்போ எங்க வேலை நின்ன இடம். மண்ணுக்குள்ள இருந்து சுவர்ல ஏத்தும்போது பிளம்பர் வழக்கமா போடுற பிவிசி எல்போவைக் கொண்டு வந்தாங்க, கேபிள் அதுல திரும்பவே மாட்டேன்னுட்டு. மாட்டாது. இந்த வகை கேபிளை அதோட தடிமனைப் போல 12 மடங்கு ஆரத்துக்குக் குறைச்சு வளைக்கக் கூடாது, ஒரு இஞ்ச் தடிமன்னா ஒரு அடி ஆரம். பலமா அமுக்கினா வளையத்தான் செய்யும், உள்ள இன்சுலேஷன் நசுங்கிரும், அது இன்னைக்குத் தெரியாது, ரெண்டு மழை கழிச்சு வெடிக்கும். லாங் பெண்டுன்னு கேட்டு வாங்குங்க, சுவரோரக் குழியையும் அதுக்குத் தக்கன அகலமா வெட்டச் சொல்லுங்க. போல் பக்கமும் இதே கதைதான், அங்க தரைக்கு மேல 2 மீட்டராவது ஜிஐ பைப் மூடி இருக்கணும்.

சாமான்ல சிக்கனம் பாக்கக் கூடாத ரெண்டு இடம் கிளாண்டும் (கேபிளைப் பெட்டியில இறுக்கிப் பிடிக்கிறது) லக்கும் (கம்பி முனையில மாட்டுறது). பித்தளை டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட் போட்டு ஆர்மரை எர்த்தோட சேருங்க. அலுமினியம் செம்புல சேர்ற இடத்துல பைமெட்டல் லக், அதுவும் ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல்ல அமுக்கணும். சுத்தியல்ல நாலு தட்டு தட்டுற ஆளா இருந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க.

மூடுறதுக்கு முன்னாடி சப்ளை இல்லாம 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்குற மீட்டர்) வச்சு ஒரு நிமிஷம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. விதிப்படி 1 மெகா ஓம் இருந்தாப் போதும்னாலும் புதுக் கேபிள் அதுக்கு எவ்வளவோ மேல காட்டணும், 2, 3ன்னு நின்னா மூட விடாதீங்க.

படிச்சிட்டுக் கேட்டவங்களுக்காகப் பொறவு சேத்தது

சங்கரன்கோவில் பக்கம் கரிசக்காடு, கோடையில பாளம் பாளமா வெடிக்குமே கேபிளை இழுக்காதான்னு ஒருத்தர் கேட்டாரு. இழுக்கும். குழியில நேரா விறைப்பாப் போடாம லேசா பாம்பு மாதிரி நெளிச்சுப் போட்டு, ரெண்டு முனையிலயும் ஒரு சுத்து மிச்சம் விடுங்க. திசையன்விளை தேரிக்காட்டுல வேற பிரச்சனை, அந்தக் காஞ்ச மணல்ல எர்த் நிக்காது, ஒரு எர்த் குழி போதலைன்னா ரெண்டாவது குழி தள்ளிப் போட்டு இணைக்கணும், ரெண்டுலயும் தண்ணி ஊத்த வாய் வச்சிருங்க.

தாமிரபரணி ஆத்தோரத்துல இருக்கிறவங்க 2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சுன்னு சுவர்ல கறை பாத்து, அதுக்கு மேல மீட்டரைக் கேளுங்க, ரீடிங் எடுக்குறவருக்கு எட்டணும்ங்கிறதையும் மனசுல வச்சிக்கிட்டு. கேபிள் போற பைப்போட ரெண்டு முனையும் அடைக்கணுமான்னா, ஆமா அடைக்கணும், எலிக்கும் தண்ணிக்கும் சேத்து. எம்-சீல் போட்டா பின்னால கேபிளை உருவ முடியாம போகும், நான் டக்ட் சீலிங் மாவுதான் (இறுகாம மெத்துன்னே இருக்கும்) வச்சேன், ஜங்ஷன்ல எலக்ட்ரிக்கல் கடையில கெடைக்கும்.