வாரண்ட் போட்டால் சமாதானம் கெடுமா? எடைபோட்டுப் பார்ப்பது எப்படி

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் யாருக்காவது பிடிவாரண்ட் போட்டால் போதும், "இனி அவர் எப்படிப் பேச்சுக்கு வருவார், சண்டைதான் நீளும்" என்று ஒரு கட்சி, "கொலைகாரனோடு என்ன பேச்சு" என்று இன்னொரு கட்சி கிளம்பிவிடும். எந்தப் பக்கம் சேர்வது என்று யோசிக்கும் முன் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே அடங்கும்.

பழகிப் பார்க்க உகாண்டா நல்ல வழக்கு. உகாண்டாவின் வடக்கே அரசை எதிர்த்துச் சண்டையிட்ட கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனியின் படையைப் பற்றி 2003 டிசம்பரில் நீதிமன்றத்துக்குப் போனது உகாண்டா அரசேதான். 2005இல் கோனிக்கும் நான்கு தளபதிகளுக்கும் வாரண்ட். தெற்கு சூடானின் ஜூபா நகரில் பேச்சு தொடங்கியது 2006 ஜூலையில், அதாவது வாரண்டுக்குப் பிறகு. அடுத்த மாதமே சண்டை நிறுத்தம். அப்புறம் 2008 ஏப்ரலில் சூடான்-காங்கோ எல்லையில் ரி-குவாங்பா காட்டோரத்தில் எல்லோரும் கையெழுத்துக்குக் காத்திருக்க, கோனி வரவில்லை. வாரண்டுக்குப் பயந்து பேச வந்தாரா, அதே பயத்தில் கையெழுத்துப் போடாமல் போனாரா? வாரண்டை எடுத்தால்தான் கையெழுத்து என்று அவர் தரப்பு சொன்னது உண்மை. ஆனால் பேச்சில் அக்கறை காட்டிய தன் துணைத் தளபதி வின்சென்ட் ஓட்டியை அதற்கு முந்தைய ஆண்டே கோனி கொன்றுவிட்டார் என்பதையும் அதே தாளில் எழுதினால், பழி முழுவதையும் வாரண்டின் தலையில் போட முடியாது.

அடுத்து, "சமாதானம்தான் முக்கியம்" என்று யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் ஒரே வாசகம் வாய்க்கு வாய் வேறாகும். வழக்கைக் கொண்டுபோன அதிபர் முசெவேனியே 2006இல் கோனிக்கு மன்னிப்பு தருகிறேன் என்றார். அது அரசியல் கணக்கு. ஆனால் சண்டையால் ஊரைவிட்டு முகாம்களில் அடைந்து கிடந்த வடக்கு உகாண்டாவின் அச்சோலி இன மக்களில் பலரும் மதத் தலைவர்களும் வாரண்ட் வேண்டாம் என்றது வேறு கதை: காட்டில் துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பகுதி அவர்கள் வீட்டிலிருந்து கடத்தப்பட்ட பிள்ளைகள். அங்கே 'மாட்டோ ஓபுட்' என்று ஒரு சடங்கு உண்டு. கொன்றவன் குற்றத்தை ஒப்புக்கொள்ள, அவன் குலம் இழப்பீடு கொடுக்க, இரு தரப்பும் கசப்பு வேர்ச் சாற்றைச் சேர்ந்து குடிக்கும். வாரண்ட் போடப்பட்ட அந்த நான்கு தளபதிகளில் ஒருவரான டொமினிக் ஓங்வென்னும் அப்படிப் பள்ளிக்குப் போகும் வழியில் கடத்தப்பட்ட சிறுவன்தான், வளர்ந்து தளபதி ஆனவர். 2021இல் 61 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பாகி 25 ஆண்டு சிறை. இவரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? எனக்கு இன்னும் தெளிவில்லை.

மூன்றாவது, மன்னிப்பு என்றால் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். சியரா லியோனுக்கான 1999 லோமே ஒப்பந்தம் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஃபோடே சங்கோவுக்கு மன்னிப்பு கொடுத்ததோடு வைரம் உள்ளிட்ட கனிம வளங்களுக்கான ஆணையத்தின் தலைமையையும் தூக்கிக் கொடுத்தது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்கு இந்த மன்னிப்பு செல்லாது என்று ஐ.நா. பிரதிநிதி தன் கையெழுத்தோடு கைப்பட ஒரு வரி சேர்த்தார். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2000 மே மாதம் சங்கோவின் ஆட்கள் ஐ.நா. வீரர்கள் ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கைலாஹூன் முற்றுகையில் சிக்கியவர்கள் இந்திய வீரர்கள். மன்னிப்பு கொடுத்தால் சண்டை ஓயும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இதைக் கேளுங்கள்.

வழக்கை நிறுத்திவைக்க வழி இல்லாமல் இல்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்தின் 16ஆவது பிரிவுப்படி ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 12 மாதம் தள்ளிவைக்கலாம், பிறகு நீட்டிக்கலாம். அந்த அதிகாரம் மத்தியஸ்தர் கையில் கிடையாது. அவர் வாக்குக் கொடுத்தாலும் செல்லாது. சிறை இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல: கொலம்பிய அரசும் ஃபார்க் கிளர்ச்சிப் படையும் 2016இல் செய்த ஒப்பந்தப்படி உண்மையை முழுதாக ஒப்புக்கொண்டவருக்கு 5 முதல் 8 ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாடு, மறுத்துத் தோற்றவருக்கு 20 ஆண்டு வரை சிறை.

கடைசியாக, கணக்கை எந்தத் தேதியில் முடிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லர் 2003 ஜூனில் கானாவின் தலைநகர் அக்ராவுக்குச் சமாதானம் பேசப் போன அன்றே, சியரா லியோன் போர்க்குற்றங்களுக்கான சிறப்பு நீதிமன்றத்தில் அவர்மீதான குற்றப்பத்திரிகை வெளியானது. கானா கைதுசெய்யாமல் ஊருக்கு அனுப்ப, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் சண்டை கொழுந்துவிட்டது. அந்த வாரத்தோடு நிறுத்தினால் நீதி சமாதானத்தைக் கெடுத்தது. ஆகஸ்ட் வரை பார்த்தால் அவர் பதவி விலகி நாட்டைவிட்டே போய்விட்டார், ஒப்பந்தமும் கையெழுத்தானது. 2012 வரை பார்த்தால் 50 ஆண்டு சிறை. கோனி விஷயத்தில் கணக்கு இன்னும் முடியவில்லை: 2025 செப்டம்பரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரில் அவர்மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்தார்கள், அவர் இல்லாமலேயே.