ஆட்டத்தை நிறுத்த ஒருவர் வேண்டும்: திறந்தவெளியில் போட்டி வைப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும்

சுற்றுப்போட்டி வைப்பது எங்கள் யாழ்ப்பாணத்துக் கழகங்களுக்குக் கைவந்த வேலை. ஒலிபெருக்கிக்கு ஒருவர், வெற்றிக்கிண்ணத்துக்கு ஒருவர், விருந்தினருக்கு மாலை கட்ட ஒருவர், தேத்தண்ணிக்கு இரண்டு பேர் என்று எல்லாவற்றையும் இரண்டு கிழமைக்கு முன்னரே பிரித்துக் கொடுத்துவிடுவோம். ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வரும்போது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான கழகங்களில் பதில் இல்லை. நடுவர் ஏற்பாட்டுக் குழுவைப் பார்ப்பார். குழு கழகத் தலைவரைப் பார்க்கும். தலைவருக்கோ கிண்ணம் கொடுக்க வந்த விருந்தினரைக் காக்க வைக்க மனம் வராது.

நான் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் பார்த்தே வளர்ந்தவன். இப்போது எங்கள் ஊர்க் கழகத்தில் போட்டி நாட்களில் மைதானத்தைப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. அதனால் முதலில் சொல்வது இதுதான்: நிறுத்துகிற ஆளை நியமித்துவிட்டு மற்ற வேலைகளுக்குப் போங்கள். அவர் விளையாடுகிறவராகவோ, பயிற்றுநராகவோ, விளையாடும் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவராகவோ இருக்கக்கூடாது. முதல் ஆட்டத்துக்கு முன்னர் அவரது பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அணித் தலைவர்களிடம் கொடுக்கும் விதித்தாளிலும் எழுதுங்கள். அவர் கை உயர்த்தினால் நடுவர் விசில் ஊத வேண்டும், பேச்சுக்கு இடமில்லை. எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவரை அந்தக் கதிரையில் இருத்தினோம். எந்தப் பெடியனும் அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. உடற்கல்வி ஆசிரியரும் நல்ல தெரிவுதான்.

அவருக்கு ஆக முக்கியமான வேலை மின்னல். பங்குனி, சித்திரையிலும் பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு இடி முழக்கம் திடீரென்று கட்டும். எங்கள் இறுதியாட்டங்கள் எல்லாம் தொடங்குவதும் பின்னேரம் நாலு மணிக்குத்தான். மைதானம் வெட்டை, சுற்றவரப் பனை. மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். 30 வினாடிக்குள் இடி கேட்டால் அது ஏறக்குறைய 10 கிலோமீற்றருக்குள் நிற்கிறது என்று அர்த்தம், ஆட்டம் உடனே நிற்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் திரும்ப இறங்கலாம். இடையில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் முதலில் இருந்து தொடங்கும். "மழை விட்டிட்டுது அண்ணை, இன்னும் பத்து நிமிசம்தான் கிடக்கு, விளையாடி முடிப்பம்" என்று வருவார்கள். விடக்கூடாது. மழை விட்ட இடத்திலும் மின்னல் விழும்.

நிறுத்தினால் மட்டும் போதாது, சனத்தை எங்கே கொண்டுபோவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பாடசாலை வகுப்பறை, வாசிகசாலை போன்ற சுவரும் கூரையும் உள்ள சீமெந்துக் கட்டடம் நல்லது. கண்ணாடி ஏற்றிய வான், பஸ் பரவாயில்லை. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், தகரப் பந்தல், இரும்புக் கம்பம் நட்ட கூடாரம், மரத்தடி ஒன்றும் சரிவராது. பனைக்குக் கீழே ஒதுங்குகிற பழக்கத்தை எங்கள் ஆட்கள் முதலில் விட வேண்டும். போட்டி நாள் சனி, ஞாயிறாகத்தான் இருக்கும், வகுப்பறை பூட்டியிருக்கும். காலையிலேயே அதிபரிடம் கேட்டு ஒரு வகுப்பறைத் திறப்பை வாங்கி வையுங்கள்.

2025 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் செல்சிக்கும் பென்ஃபிகாவுக்கும் நடந்த கழக உலகக் கிண்ண ஆட்டத்தை இங்கே பலர் நித்திரை முழித்துப் பார்த்திருப்பீர்கள். செல்சி 1-0 என்று முன்னிலை, முடிய நாலைந்து நிமிடம். மின்னல் என்று எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் காத்திருப்பு. திரும்ப வந்ததும் பென்ஃபிகா தண்ட உதையில் சமப்படுத்தியது. மேலதிக நேரத்தில் செல்சி 4-1 என்று வென்றது. செல்சியின் பயிற்றுநர் மரெஸ்காவுக்கு அந்த நிறுத்தம் பிடிக்கவே இல்லை, கேலிக்கூத்து என்றார். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆட்டத்தின் ஓட்டம் குழம்பும் என்பது உண்மைதான். ஆனாலும் அத்தனை கோடி புழங்குகிற போட்டியில், தொலைக்காட்சிக்காரர் காத்திருக்க, நாலு நிமிடத்துக்காகவும் விதியை வளைக்காமல் நின்றார்களே, அதைத்தான் எங்கள் ஊர்ப் பெடியளுக்குச் சொல்லிக் காட்டுகிறேன். அங்கே இரண்டு மணித்தியாலம் காத்திருக்கலாம் என்றால் இங்கே ஒரு கிழமை தள்ளி வைக்கலாம்.

மின்னல் பட்டவரைத் தொட்டால் எங்களுக்கும் அடிக்கும் என்ற பயம் ஊரில் இன்னும் இருக்கிறது. உடம்பில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். மூச்சும் அசைவும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடியாமல், ஐந்து சென்ரிமீற்றர் இறங்கும்படி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 இலிருந்து 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அடுத்தவர் பக்கத்திலேயே முழங்காலில் தயாராக இருக்கட்டும். இருதயம் நின்று விழுகிற வீரருக்கும் இதேதான். 2021 ஜூன் 12 அன்று கோப்பன்ஹேகனில் டென்மார்க் உதைபந்தாட்ட வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது அணித் தலைவர் சிமோன் கேயார் ஓடி வந்ததையும், மற்ற வீரர்கள் சுற்றி நின்று மறைத்ததையும், மருத்துவர்கள் அங்கேயே நெஞ்சை அழுத்தியதையும் உலகமே பார்த்தது. எரிக்சன் பிறகு திரும்ப விளையாடினார். ஒவ்வொரு கழகத்திலும் நாலு பேராவது இதைப் பழகியிருக்க வேண்டும். முதலுதவி தெரிந்த ஒருவரைப் பிடித்தால் ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடுவார்.

அடுத்தது வெயில். 1904 இல் தொடங்கிய வடக்கின் பெரும் போர், மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதுகிற மூன்று நாள் கிரிக்கெட் ஆட்டம், மார்ச்சில்தான் வரும். அந்த நேரம் வாடை ஓய்ந்திருக்கும், தென்மேல் காற்றான சோளகம் இன்னும் எழும்பியிருக்காது, காற்று அடைத்துப்போய் நிற்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். பார்வையாளர்தான் இதில் கவனமில்லாமல் இருக்கிறார்கள். விளையாடுகிறவனுக்குத் தண்ணீர் ஓடிக் கொடுக்க ஆள் உண்டு, மூன்று நாளும் பாண்டு வாத்தியத்துக்கு ஆடுகிற பழைய மாணவருக்கு யாரும் இல்லை. மதுவும் சேர்ந்தால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய்விடும். தொப்பி போடுங்கள், வெள்ளைப் பருத்திச் சேட் போடுங்கள், மத்தியானம் ஒரு மணித்தியாலமாவது வேப்பமர நிழலில் இருந்து சாப்பிடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் பங்குனி, சித்திரையில் வெப்பச் சுட்டெண் அறிவித்தல் விடும். அந்தச் சுட்டெண் 41 ஐத் தாண்டுகிற நாளில் காலை 11 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில் சிறுவர் ஆட்டம் எதையும் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

குடிப்பதற்குத் தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும் போட்டுக் கரைத்தால் போதும். மோர் நல்லது, இளநீர் அதைவிட நல்லது. நிறைய வியர்த்துக் கால் பிடித்துக்கொண்டவருக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் பக்கற்றை, அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குறைந்த தண்ணீரில் தடிப்பாகக் கரைப்பது பிழை. ஒரே கோப்பையை எல்லோரும் வாளிக்குள் முக்கி எடுக்கிற பழக்கமும் வேண்டாம், குழாய் வைத்த ரின் ஒன்று வாங்குங்கள். 2026 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை என்று ஃபிபா விதி கொண்டு வந்தது. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டு. விளம்பரம் போடத்தான் இது என்று கோபிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் இந்த விதியை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன், எங்கள் ஊர்ப் போட்டிகளில் நாளைக்கே போட வேண்டும்.

வெயில் ஏறி விழுந்தவரை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: "எத்தினை கோல் இப்ப?" பதில் குழம்பினால், தள்ளாடினால், கோபமாகப் பிதற்றினால் அது வெறும் களைப்பு இல்லை. வியர்வை நின்றிருக்கலாம், ஓடிக்கொண்டும் இருக்கலாம், அதை நம்ப வேண்டாம். நிழலுக்குத் தூக்கி, சப்பாத்தும் சேட்டும் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கில் வையுங்கள். அறிவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

கடினப்பந்து விளையாடுகிற இடத்தில் கழகப் பையைத் திறந்து தலைக்கவசத்தை எடுத்துப் பாருங்கள். பல பேரின் வியர்வையில் ஊறி வார் மரத்துப்போயிருக்கும். கொளுவியின் பல்லில் ஒன்று உடைந்திருக்கும். முகக்கம்பியைப் பிடித்திருக்கும் திருகாணி துருப்பிடித்து ஆடும். பந்தை எடுத்து முகக்கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் இடையில் அழுத்துங்கள். பந்து உள்ளே போகிற இடைவெளி இருந்தால் அந்தக் கவசம் முகத்தைக் காக்காது. 2014 நவம்பரில் அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிலிப் ஹியூஸின் உயிரைப் பறித்த பந்து பட்டது கவசம் மூடாத கழுத்தில். அதற்குப் பிறகுதான் கழுத்துக் காப்பு பரவலாக வந்தது. தனியாக வாங்கி மாட்டலாம், ஒரு துடுப்பை விட விலை குறைவு. 2023 நவம்பர் 6 அன்று டெல்லியில் எங்கள் அஞ்சலோ மத்யூஸ் தலைக்கவச வார் அறுந்து, நேரம் கடந்துவிட்டதென்று ஆட்டமிழந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. பங்களாதேஷ் அணித் தலைவர் ஷகிப் முறையிட்டது விதிப்படி சரி. எனக்கு இன்றைக்கும் மனம் ஆறவில்லை, அது வேறு கதை. ஆனால் இறங்கமுன் வாரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று பெடியளுக்குச் சொல்ல அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாரிக்குப் பிறகு வெள்ளம் வற்றிய மைதானத்தில் வெறுங்காலோடு இறங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் வந்து உயிர்கள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலும் நாடு முழுக்க வெள்ளம் கொண்டு வந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் காயத்தாலேயே உள்ளே போகும். தண்ணீர் முழுதாக வற்றும்வரை ஆட்டம் வேண்டாம். இறங்கியே ஆகவேண்டும் என்றால் சப்பாத்துப் போட்டு, காயத்தை மூடிக் கட்டுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். விளையாடிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வீட்டில் பனடோலோடு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்று விளையாடியதையும் சொல்லுங்கள்.

சனக்கூட்டத்தைப் பற்றி இங்கே ஒருவரும் பேசுவதில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் ஐ.பி.எல். கிரிக்கெட் கிண்ணம் வென்ற கொண்டாட்டத்துக்குப் போன 11 பேர் மைதான வாசலில் நெரிபட்டு இறந்தார்கள். பட்டினத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்ரெம்பர் 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சுழல் பந்துவீச்சாளர் வியாஸ்காந்த் மாதிரி எங்கள் பிள்ளைகள் சொந்த மண்ணில் சர்வதேச ஆட்டம் விளையாடுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டினத்துச் சனம் முழுக்கப் பண்ணைப் பாலத்தால்தான் போய் வர வேண்டும். ஆட்டம் முடிந்து ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டால் அம்புலன்ஸ் எந்தப் பக்கத்தால் வரும் என்பதற்கு, கதிரை போட முன்னரே வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும். அதுவரை நாங்கள் செய்யக்கூடியது: கூட்டம் நெருக்கினால் கைகளை நெஞ்சுக்கு முன்னால் மடித்து வைத்து, ஓட்டத்தோடு சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். விழுந்த பொருளை எடுக்கக் குனிய வேண்டாம். பிள்ளைகளோடு போனால் கடைசி ஓவருக்கு முன்னரே எழும்புங்கள், அல்லது எல்லோரும் போய் முடியும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள்.

அவசரத்துக்கு 1990, சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். எடுக்கும்போது மைதானத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு ஊரில் மைதானம் இருக்கும். ஊர், பிரதான வீதி, கிட்டவுள்ள சந்தி, கோயில் என்று சொல்லுங்கள். ஒழுங்கைக்குள் வழி தவறும், ஒரு பெடியனை மோட்டார் சைக்கிளில் சந்திக்கு அனுப்பி நிறுத்துங்கள். வாசலுக்கு முன்னால் விட்ட சைக்கிள்களையும் ஐஸ்கிரீம் வானையும் அப்புறப்படுத்த இரண்டு பேர் போகட்டும், மைதானத்துப் பெரிய கேற்றின் திறப்பு நிறுத்துகிற ஆளின் சேட் பொக்கற்றில் இருக்கட்டும்.