காற்றுக் குழாயில் சேர்ந்த நீரை நீக்கிய விதம்

ஐப்பசி அடைமழையின்போது, கும்பகோணத்தில் உள்ள எங்கள் பட்டறையில் பெயின்ட் அடித்த இரும்புக் கதவுகளில் கடுகளவு குழிகள் விழுந்தன. ஸ்ப்ரே கன்னை வெள்ளைத் தாளின் மீது வெறுங்காற்றாக அழுத்திப் பார்த்தபோது நீர்த்துளிகள் தெறித்தன. காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரை ஒட்டியே நீர்ப்பிரிப்பான் இருந்தும் இந்த நிலை. அழுத்தப்பட்ட காற்று சூடாக வெளியேறும்போது ஈரம் ஆவியாகவே இருப்பதால், துளிகளை மட்டுமே பிடிக்கும் பிரிப்பானை அது எளிதாகக் கடந்து, குழாயில் ஆறிய பிறகே நீராகிறது.

ஆகவே பிரிப்பானைக் கழற்றி, ரப்பர் ஹோஸ் தொடங்கும் இடத்தில் மாட்டினேன். காற்று அங்கு வருமுன் ஆறட்டும் என்று, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைச் சுவரில் மேலும் கீழுமாக வளைத்து ஓட்டி, ஒவ்வொரு கீழ்வளைவிலும் வடிகால் வால்வு வைத்தேன். நூறு அடிக்கு ஓரடி என்ற சரிவில் பிரதானக் குழாயை அமைத்து, கிளைகளை அதன் மேற்புறத்திலிருந்தே எடுத்தேன். அடியில் எடுத்தால் நீரும் கூடவே இறங்கிவிடும். பி.வி.சி. மலிவுதான், ஆனால் காற்றழுத்தத்தில் வெடித்துச் சிதறக்கூடியது என்பதால் அதை நான் தொடவில்லை. கம்ப்ரசர் டேங்கின் அடிவால்வை மாலைதோறும் திறந்தால் துருநிற நீர் கொட்டுகிறது. இறுதிப் பூச்சுக்கு மட்டும், ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் குப்பியைச் சேர்க்கிறேன். மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்றிவிடுகிறேன்.